கீறிய மேலங்கிகள்

இரு கரையும் தளும்பப் பெருகி, ஊரின் கீழைத் தெருக்களை ஒருமுறை விழுங்கி உமிழ்ந்துவிட்டு, ஒன்றும் அறியாதது போலத் தன் படுகைக்குள் மீண்டும் ஒடுங்கிக் கிடந்த ஆற்றின்மேல், முன்பனிப் பருவத்து வைகறை மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது. வடகரையில் நெடுஞ்சுவரென நீண்டு கிடந்த கம்பளியாடை ஆலையின் புகைபோக்கிகள் மூன்றும் வெண்புகை உயிர்க்க, அப்புகையும் பனியும் பிரித்தறிய ஒண்ணாதபடி ஒன்றில் ஒன்று கரைந்து, கூரைகளின்மேலும் பாலத்தின்மேலும் படிந்தன. ஆற்றுநீரின் நிறத்தைக் கண்டே ஆலையில் அன்று எந்நிறத் துணிக்குச் சாயம் ஏறுகிறதென்று சொல்லிவிட வல்லவர் அவ்வூரார். அன்று நீர் கருநீலமாய் ஓடியது. தென்கரையில், வெள்ளத்தால் வீடிழந்தோர் நூற்று நாற்பதின்மர் தங்கியிருந்த பள்ளிக்கட்டடத்தின் பலகணிகளில், கதிரவன் வரவை நோக்கி இரவெல்லாம் உட்கார்ந்தே கழித்த முதியோர் சிலரின் முகங்கள், அணையப்போகும் விளக்குகள் போல மங்கித் தெரிந்தன.

கற்றறிந்த அன்பரீர்! இக்கதை அப்பள்ளிக்கும் அவ்வாலைக்கும் இடையே ஓடிய ஆற்றைப் பற்றியதன்று. இரு கரையிலும் வாழ்ந்த உடன்பிறந்தார் இருவரிடையே வந்து விழுந்த ஓர் இடைவெளியைப் பற்றியது.

ஆலையின் பின்கட்டில், வடக்கு நோக்கிய பெரிய பலகணியின் ஒளி விழும்படி இடப்பட்ட நீண்ட மேசையொன்றின்முன் நின்று, தைத்து முடிந்து வரும் மேலங்கிகளைப் புரட்டிப் புரட்டி நோக்கிக் குறை காண்பது தங்கையின் தொழில். ஒரு கை மற்றதினும் விரற்கடை குறைந்தாலும், தோளின் மடிப்பு நூலிழை பிறழ்ந்தாலும், பொத்தான் துளை தன் இடம்விட்டுச் சற்றே நழுவினாலும் அவள் பார்வைக்குத் தப்பாது. ஆதலால் ஆலையார் அவளுக்குக் கழுகுக்கண்ணி என்று பெயரிட்டு, அவள் முதுகுக்குப் பின்னே மட்டும் அப்பெயரால் அழைத்து வந்தனர். குறை கண்ட மேலங்கி எதுவும் குறைந்த விலைக்கு வெளியே போய் ஆலையின் பெயரைக் கெடுத்துவிடலாகாது என்பது அங்கே நெடுநாளைய கட்டளை. அதன்படி, விலக்கப்பட்ட ஒவ்வொன்றையும் மேசைமேல் குப்புறக் கிடத்தி, கழுத்துப்பட்டி முதல் கீழோரம் வரை முதுகின் நடுவே கத்தியால் ஒரே இழுப்பாய்க் கீறிக் குப்பைக்கு அனுப்புவதும் அவள் பணியே. பதினோராண்டாய் அதை அவள் தயங்காமற் செய்து வந்தாள்.

தமக்கையின் தொழிலோ இதற்கு நேர்மாறு. தென்கரைப் பாலத்தடியில், முன்பு மிதிவண்டி பழுதுபார்த்த கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, தரையிற் படிந்த எண்ணெய்க் கறை எத்தனை தேய்த்தும் போகாத அவ்விடத்தில் மூன்று தையற்பொறிகளை இட்டு, பிறர் வேண்டாமென்று கழித்த துணிகளையெல்லாம் வாங்கி வேறொன்றாய் மாற்றித் தருபவள் அவள். நடுவில் நைந்த படுக்கைவிரிப்பை நெடுக இரண்டாய்க் கிழித்து, தேயாத ஓரங்கள் நடுவே வருமாறு திருப்பி இணைத்தால் இன்னும் ஆறாண்டு உழைக்கும் என்பாள். முழங்கால் கிழிந்த காற்சட்டையில் இரு குழந்தைகளுக்குப் பாவாடை காண்பாள். சாயம் போன திரைச்சீலையில் காய் வாங்கும் பைகள் எட்டு எண்ணுவாள். அவளுக்குத் துணையாய் அங்கே இரு பெண்டிர் இருந்தனர்: ஒருத்தி அதிகம் பேசாத கைம்பெண், மற்றவள் உருண்டை விழியும் ஓயாத வாயும் உடையவளாதலின் பொத்தான் என்று எல்லாராலும் அழைக்கப்பட்டவள்.

பெற்றோர் மறைந்தபின் ஒருவர்க்கொருவரே உறவாய் நின்ற இவ்விருவருள், தமக்கைக்கு ஒரு பழக்கம் இருந்தது: தங்கையிடம் எதையும் தயங்காமற் கேட்பாள். ஏண்டி, ஒரு நாள் விடுப்பு எடுடி. ஏண்டி, உன் மேசைவிளக்கைக் கொடுடி. ஏண்டி, என் தலையைக் கொஞ்சம் பாரடி, பேன் கடிக்கிறது. கேட்டுக் கேட்டு அவள் தங்கையை அலுக்கவைத்ததும் உண்டு. அக்கேள்விகளெல்லாம் உரிமையின் வேறு பெயர் என்று தங்கை அப்போது எண்ணிப் பார்த்ததில்லை.

தங்கையின் நெஞ்சில் ஒரு பழம்புண் இருந்தது. இருவரும் சிறுமியராய் இருந்த நாளில், தாய் வேலை செய்த வீட்டிலிருந்து கொண்டு வந்த பழஞ்சட்டையொன்றைத் தமக்கை தன் பன்னிரண்டாம் அகவையின் திறமெல்லாம் கூட்டிப் பிரித்து, கழுத்தைத் திருப்பி, இடுப்பைச் சுருக்கித் தங்கைக்குப் புத்தாடை போலவே தைத்துக் கொடுத்தாள். அதை உடுத்திப் பள்ளிக்குப் போன அன்றே, உடன் பயிலும் ஒருத்தி ஓடிவந்து அதன் உள்ளோரத்தைத் திருப்பி, அங்கே சிவப்பு நூலால் தைத்திருந்த தன் பெயரை வகுப்பு முழுவதற்கும் காட்டிவிட்டாள். தமக்கை அவ்வோரத்தைப் பார்க்க மறந்திருந்தாள். அன்று எழுந்த சிரிப்பு தங்கையின் செவியில் முப்பதாண்டு கழித்தும் ஓயவில்லை. பிறர் உடுத்தியதை இனி உடுத்துவதில்லை என்று அன்று கொண்ட உறுதியை அவள் ஒருபோதும் தளர்த்தியதுமில்லை.

முன்பனியின் இரண்டாம் கிழமையில், நண்பகல் உணவு இடைவேளையில், ஆலை வாயிலுக்குத் தமக்கை வந்தாள். வாயிற்காவலர் இட்ட நாற்காலியில் அமராமல், கையைத் தேய்த்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள்.

"ஏண்டி, உள்ள கழிச்சுப் போட்ட கோட்டு எத்தனை கெடக்கு?"

"இன்னும் கீறாதது இருநூறுக்கு மேல இருக்கும். எதுக்குக் கேக்கற?"

"பள்ளிக்கூடத்துல இருக்கவங்க பாடு பெரும்பாடா இருக்குடி. படுத்தா தரை சில்லுங்குதுன்னு வயசானவங்க எல்லாம் உக்காந்தே விடிய வெக்கிறாங்க. நீ கீறிப் போடப்போறத எங்களுக்குக் குடு. கை கொஞ்சம் நீளங்கம்மின்னா குளிர் என்ன கோவிச்சுக்கவா போகுது? நாங்க சரி பண்ணிக்கறோம்."

"அப்படியெல்லாம் குடுக்க முடியாதுக்கா. ஆலை பேரு போட்டது."

"பேரு போட்ட சீட்ட அறுத்துட்டுக் குடு. யாரு கண்டா? முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேளேன். நீ கேட்டா மாட்டேன்னா சொல்லுவாரு?"

"சரி, கேட்டுட்டுச் சொல்றேன்."

இத்துடன் தமக்கை போயிருந்தால் கதை வேறாய் முடிந்திருக்கும். ஆனால் மகிழ்ச்சி மிக்கால் வாய் சும்மா இராத இயல்பினள் அவள், திரும்பி நடந்தவள் நின்று, வாயிற்காவலரும் கேட்கச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நல்லதா ஒண்ணு பாத்து உனக்கும் பிடிச்சுத் தரேண்டி. சின்ன வயசுலேருந்து நான் பிரிச்சுத் தெச்சாத்தானே உனக்கு ஒடம்புல ஒட்டும்!"

வாயிற்காவலர் சிரித்தார். அன்பால் சொன்ன சொல்தான். ஆனால் அது போய்ப் பட்ட இடம் பழம்புண். சிவந்த முகத்துடன் தங்கை உள்ளே திரும்பினாள்.

மாலையில் அவள் ஆலை முதலாளியைக் கண்டு கேட்கவே செய்தாள். அகவை எழுபதைக் கடந்து, கண்கள் புரையால் மங்கி, எதற்கும் நெடிது வாதாட விரும்பாதவராய் இருந்த அம்முதியவர் தாளிலிருந்து தலையெடுக்காமலே விடை தந்தார்.

"சீட்ட அறுத்துட்டுக் குடுத்துரும்மா. குப்பைக்குப் போறதுதானே. கேக்கறது உன் அக்காங்கற, இதுல யோசிக்க என்ன இருக்கு?"

இவ்வளவு எளிதாய் இசைவு கிடைத்ததே தங்கைக்குப் பொறுக்கவில்லை. பாலத்தைக் கடந்து தென்கரைக்கு நடந்த கால்நாழிகையும் அவள் உள்ளத்தில் ஒரே காட்சி: தன் மேசையில் விலக்கப்பட்டவை தமக்கையின் கைபட்டுச் சீராகி, ஊரெல்லாம் அக்கைகளைப் புகழ, குறை மட்டுமே காணத் தெரிந்தவளாய்த் தான் ஒதுங்கி நிற்கும் காட்சி. கூடத்தினுள் தமக்கை, உதடுகளிடையே குண்டூசிகளைக் கவ்வியபடி, ஒரு போர்வையை அளந்துகொண்டிருந்தாள். தங்கையைக் கண்டதும் ஊசிகளைக் கையில் உமிழ்ந்து, கண்களாலேயே வினவினாள்.

"முடியாதுன்னுட்டாருக்கா."

சொல் வாய்விட்டுப் போனபின்தான் தங்கைக்கே அது கேட்டது. உடனே திருத்தியிருக்கலாம். தமக்கை சினந்து ஒரு சொல் சொல்லியிருந்தாலும், அச்சினத்தின் வழியே உண்மை வெளிவந்திருக்கும். அவளோ தங்கையின் தோளைத் தட்டி, "சரி விடுடி. எனக்காகப் போயி அவருகிட்ட நின்ன பாரு, அதே பெருசு. உனக்கு அவரால ஒண்ணும் தொந்தரவு வராதுல்ல?" என்று கேட்டாள். அக்கனிவின்முன் பொய்யை உடைக்கும் துணிவு தங்கைக்கு இல்லாமற் போயிற்று. தலையை மட்டும் அசைத்துவிட்டு வெளியேறினாள்.

பொய் சொன்னவர்க்கு அதை மெய்யாக்கும் வேலையும் வந்து சேரும். முதலாளி மறுத்திருந்தால் அம்மேலங்கிகள் என்ன ஆகியிருக்குமோ அதுவே ஆகவேண்டும் என்று, அடுத்த இரு நாளும் தங்கை மேசையை விட்டு அகலாமல் இருநூற்றுப் பன்னிரண்டு மேலங்கிகளையும் ஒன்றன்பின் ஒன்றாய்க் குப்புறக் கிடத்திக் கீறினாள். தடித்த கம்பளி அறுபடும் ஒலி அடங்கியதாய் இருந்தது. உள்துணி கிழியும் ஒலி மட்டும் கூரிதாய் எழுந்தது. பழுப்பு நிறத்தது ஒன்றில் எவ்வளவு தேடியும் குறை காண முடியாமல் ஒருகணம் நின்றாள். பின்பு அதையும் கீறினாள்.

குளிரோ, எவர் பொய்யையும் எவர் மெய்யையும் பாராமல், தன் போக்கில் முற்றியது. பாலத்தடிக் கூடத்தில் மூன்று பொறிகளும் ஓய்வின்றி ஓடின. திரைச்சீலைகளை இரண்டாய் மடித்து நடுவே கந்தல் திணித்துக் கையில்லா மேற்சட்டைகள் தைத்தனர். பழைய போர்வைகளைத் தோளுக்கு வெட்டினர். ஊரில் வீடு வீடாய்ச் சென்று கேட்டனர். ஆறு நாளில் ஐம்பத்தெட்டுப் பேர்க்கே உடை தேறிற்று. அவ்வைம்பத்தெட்டில் ஒன்று, கைக்கடிகாரம் பழுதுபார்த்து வாழ்ந்த முதியவர் ஒருவர்க்குக் கிடைத்தது. அவர் அதைக் கைக்குழந்தையோடிருந்த பெண்ணொருத்திக்குக் கொடுத்துவிட்டு, "எனக்கு ஒடம்புல சூடு ஜாஸ்திம்மா, நீங்க எனக்குக் கடைசியாத் தெச்சுக் குடுங்க" என்று தமக்கையிடம் நகைத்துச் சொன்னார். மறுநாள் அவர்க்கு நெஞ்சில் சளி கட்டிற்று. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். நான்காம் நாள் அங்கேயே மறைந்தார். குளிரால்தான் என்று மருத்துவர் சொல்லவில்லை. குளிரால் இல்லை என்றும் சொல்லவில்லை.

அதற்கு இரு நாள் கழித்து, வீடிழந்தோரைக் காண விரும்பி முதலாளி பள்ளிக்கு வந்தார். ஆலையின் சார்பில் உடன் சென்றோருள் தங்கையும் ஒருத்தி. நெடிய வகுப்பறையில், ஒரு குழந்தையின் முன் மண்டியிட்டு அதன் உடையின் கீழோரத்தை மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள் தமக்கை. அருகே நூற்கண்டுகளுடன் பொத்தான் இருந்தாள். மங்கிய கண்ணுக்கு எதிரே யார் என்ன உடுத்தியிருக்கின்றனர் என்பது புலப்படாத முதியவர், தமக்கையை அடையாளம் சொல்லக் கேட்டு, முகமலர்ந்து வினவினார்.

"நீதானாம்மா அது? நம்ம கோட்டெல்லாம் வந்து சேந்துச்சா? அன்னிக்கே குடுக்கச் சொல்லிட்டேனே. எல்லாருக்கும் பத்துச்சா?"

தமக்கையின் கை ஊசியோடு நின்றது. அவள் நிமிர்ந்து முதியவரைப் பார்த்தாள். பின் அவர் தோளுக்குப் பின்னே நின்ற தங்கையைப் பார்த்தாள். எத்துணை நேரம் பார்த்தாள் என்று பின்னாளில் தங்கையால் அளவிட முடிந்ததில்லை. அப்பார்வையில் சினம் இல்லை. தெரிந்த தெருவில் தன் வீட்டைக் காணாமல் நிற்பவரின் திகைப்பு மட்டுமே இருந்தது.

"வந்துச்சுங்கய்யா," என்றாள் தமக்கை. "ரொம்ப உதவியா இருந்துச்சு."

வாய் திறந்த பொத்தானின் மணிக்கட்டை அழுத்தி, "வெள்ளை நூலு அந்தப் பக்கம் இருக்கு, போயி எடுத்துட்டு வா," என்று அனுப்பினாள். தங்கை சொன்ன பொய்யைத் தமக்கை தன் பொய்யால் போர்த்திக் காத்தாள். வாழ்நாளில் அவள் சொன்ன பொய்கள் வேறு உண்டோ என்று தங்கை எண்ணிப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

எல்லாரும் கலைந்தபின் வாயிலில் தங்கை அவளை நெருங்கி, "அக்கா, நான்..." என்று தொடங்கினாள். "வேலை கெடக்கு. அப்புறம் பேசிக்கலாம்," என்று தமக்கை குழந்தையின் கையைப் பிடித்து உள்ளே நடந்தாள்.

மறுநாள் விடியுமுன் தங்கை ஆலையின் குப்பைக்களத்திற்கு ஓடினாள். மூட்டைகளில் பெரும்பாலானவற்றை வண்டி ஏற்கெனவே அள்ளிப் போயிருந்தது. எஞ்சியவை மழையில் நனைந்து கனத்துக் கிடந்தன, பிரித்து எண்ணினாள், எண்பத்து மூன்று. முதலாளிக்கு ஒரு வரி எழுதி வைத்துவிட்டு, தள்ளுவண்டியொன்றில் அவற்றை ஏற்றித் தானே தள்ளிக்கொண்டு பாலத்தைக் கடந்தாள். கூடத்துப் பெண்டிர் ஒன்றை எடுத்து விரித்தனர். முதுகு இரண்டாய்ப் பிளந்து தொங்கிற்று. அதிகம் பேசாத கைம்பெண் அதைத் திரும்பவும் மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பொத்தானுக்குப் பொறுக்கவில்லை.

"இதக் கீறாம அன்னிக்கே குடுத்திருந்தா, அந்தக் கடிகாரத் தாத்தா..."

"பேச்ச விட்டுட்டு ஊசியக் கோரு," என்றாள் தமக்கை. பின் தங்கையை நோக்கி, வந்த விருந்தினரை அமர்த்தும் பணிவோடு, "வா. அந்த மேசையில உக்காரு. சாப்பிட்டியா?" என்றாள்.

அச்சொற்களில் குறை காண எவராலும் இயலாது. ஆனால் கழுகுக்கண்ணியின் செவி கண்ணினும் கூரியது: 'டி' என்னும் ஓரெழுத்து அங்கே இல்லை.

கீறிய முதுகுகளை வெறுமனே சேர்த்துத் தைத்தால் மேலங்கி தோளில் இறுகும். ஆகவே கீறலின் இரு விளிம்பையும் மடித்து, இடையே உள்ளங்கை அகலத்தில் வேறு துணிப் பட்டையொன்று வைத்து இணைக்கக் கற்பித்தாள் தமக்கை. திரைச்சீலையின் பூவும், போர்வையின் கோடும், எவருடையதோ ஒரு பாவாடையின் மஞ்சளும் அப்பட்டைகளாயின. அடுத்த ஒன்பது நாளும் ஆலை விட்டதும் வந்து, தான் கீறியவற்றைத் தானே தைத்தாள் தங்கை. மேலங்கிகள் பள்ளியைச் சென்றடைந்த நாளில் வெயில் அடித்தது. குளிரின் கொடுமை அதற்கு முந்திய கிழமையே தணிந்துவிட்டிருந்தது. பெற்றுக்கொண்டவர்கள் நன்றி சொன்னார்கள். கையில் தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள்.

அன்று கூடத்தில் இருவரும் தனித்திருக்கையில், மிச்சத் துணிகளை மடித்தபடி தங்கை சொன்னாள்:

"அக்கா, அவரு மாட்டேன்னு சொல்லல. நான்தான்..."

"தெரியும்."

"ஏன் அப்படிச் செஞ்சேன்னு கேக்க மாட்டியா?"

தமக்கை கையிலிருந்ததை மடித்து வைத்தாள். "கேட்டா நீ சொல்லுவ. சொன்னா எனக்குப் புரிஞ்சுகூடப் போயிடும். புரிஞ்சு நான் என்ன பண்றது? அந்தக் கடிகாரத் தாத்தாவுக்குன்னு ஒண்ணு பாதி தெச்சு வெச்சிருந்தேன். அவரு ஒல்லி. இப்ப அதப் பிரிச்சு வேற ஆளு அளவுக்கு மாத்தணும். எனக்கு இன்னிக்கு அந்தக் கவலைதான் இருக்கு."

திட்டியிருந்தால் அழுதிருப்பாள், அழுதிருந்தால் ஆறியிருப்பாள். இரண்டும் வாய்க்காமல் தங்கை வீடு திரும்பினாள்.

அதன்பின் அவள் வாளா இருந்தாள் அல்லள். முதலாளியிடம் பன்முறை நின்று, எழுதி, வழக்காடி, அந்நெடுநாளைய கட்டளையை மாற்றினாள். கீறும் கத்தி அம்மேசையை விட்டுப் போயிற்று. குறையுடைய மேலங்கிகள் பெயர்ச்சீட்டு நீக்கப்பட்டுத் திங்கள்தோறும் பாலத்தடிக் கூடத்திற்குச் சென்றன. அவற்றை வாங்கும்போதெல்லாம் தமக்கை மறவாமல் "ரொம்ப நன்றி" என்றாள். உடன்பிறந்தாள் வாயிலிருந்து நன்றி கேட்பது எத்துணைத் தண்டனை என்பதைத் தங்கை ஒவ்வொரு திங்களும் அறிந்தாள். ஏண்டி, விளக்கைக் கொடுடி என்று எவரும் அவள் கதவைத் தட்டவில்லை.

மூன்றாண்டு கழிந்த ஒருநாள், மேலங்கி மூட்டையோடு வந்தவளை வாயிலிலேயே பொத்தான் எதிர்கொண்டாள். "அக்காவுக்கு முந்தாநாளு கண்ணு ஆபரேஷன் ஆச்சு. நான்தான் கூட இருந்தேன். உங்களுக்குச் சொல்லலியா?" என்று உருண்டை விழி மேலும் உருளக் கேட்டாள். உள்ளே, ஒரு கண்மேல் வெள்ளைக் கட்டுடன், துணியின் நேரிழையை விரலால் தடவி அறிந்துகொண்டிருந்தாள் தமக்கை.

"என்னக் கூப்பிட்டிருக்கலாமேக்கா."

"உனக்கு வேலை இருக்கும்னு நெனச்சேன்," என்றாள் தமக்கை, மெய்யாகவே அப்படி நினைத்தவளாய். "உக்காரு. காப்பி குடிக்கிறியா?"

தங்கை அமர்ந்தாள். கொடுத்ததைக் குடித்தாள். உடல்நலம் கேட்டாள், விடை பெற்றாள். இருவரிடையே பகை என்று சொல்லத்தக்கது எதுவும் இருந்ததில்லை. கண்டோர் அவர்களை ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லி வந்தனர்.

அன்பரீர், ஒருவர் கேட்டதை மறுத்துவிட்டு, பின்னர் அதனினும் நூறு மடங்கு கொடுத்துவிடலாம். மறுத்த பொருளைத் தேடி எடுத்தும் தந்துவிடலாம். ஆனால் இவளிடம் கேட்கலாம் என்று முன்னர் ஒருத்தி கொண்டிருந்த எண்ணத்தை எவ்வளவு கொடுத்தும் மீட்டல் அரிது. இன்று அவ்வூரில் குளிருக்கு அஞ்சி உட்கார்ந்தே விடியவைப்பார் எவருமிலர். யார் எது வேண்டினும், சொல்லி முடிக்குமுன் எழுந்து சென்று எடுத்து வருகின்றாள் தங்கை. கேட்க வேண்டிய ஒருத்திதான் கேட்பதில்லை.